இரண்டு, ஓர் இடைவெளி, ஒன்று

அவர்களைப் பிடித்துக் கொடுத்தவன் நான்தான்.
முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ரியேகாவில், கப்பல் கட்டும் தளத்துக்கு மேலே
ஆறு மாடிக் குடியிருப்பு.
தரைத்தளத்தில் நான்.
எனக்குக் கீழே, நிலவறையில்,
எல்லோருக்கும் பொதுவான சலவை அறை.
இரவெல்லாம் காகித ஆலையில் கூழ் கிண்டிவிட்டுக்
காலை எட்டுக்கு வந்து விழுவேன்.
பத்துக்குத் தொடங்குவார்கள்.

கிதாரை ரம்பம்போல் பிடித்த வெத்ரான்.
பேஸில் இரண்டு கம்பி மட்டும் மிச்சமிருந்த சாஞ்சின்;
மற்றவை அறுந்ததை அவன் கவனித்த மாதிரியே தெரியவில்லை.
சலவைத்தூள் டின்களை அடித்த துலியோ.
பாட்டுக்கு மிர்னா.
மிர்னா என்றால் எங்கள் பேச்சில் அமைதியானவள்.
பெயர் வைத்த புண்ணியவானை
ஒருநாள் நேரில் பார்க்க ஆசைப்பட்டேன்.

'கடைசி அலசல்' என்று குழுவுக்குப் பெயர்.
என் ஜன்னலுக்கு நேர் கீழே
எழுத்துப் பிழையோடு எழுதி வைத்திருந்தார்கள்.

ஒன்பது மாதம். ஏழு கச்சேரி.
மீன் சந்தையில் நடந்ததற்கு ஆறு பேர்,
அதில் இருவர் மத்தி வாங்க வந்தவர்கள்.

அன்று பிப்ரவரி.
புரா காற்று மலையிலிருந்து இறங்கி
கொடியில் தொங்கிய சட்டைகளைப்
பலகையாக்கிக்கொண்டிருந்தது.
கீழே கேசட் ஓடுவது எனக்கு எப்படித் தெரியும்?
ஸ்பேனரை எடுத்தேன்.
வெந்நீர்க் குழாயில்
டங். டங்.
மூன்றாவதற்கு ஓங்கும்போது கை நழுவி
கால் கட்டைவிரலில் விழுந்தது.
வார்த்தை வராத ஒரு மூச்சு நேரம்.
பிறகு குனிந்து, எடுத்து, இருந்த ஆத்திரமெல்லாம் சேர்த்து
டங்.

பாட்டு நிற்கவில்லை.
அந்த ஓசைமேல் ஏறி நின்று மிர்னா கத்தினாள்:
மேலே இருப்பவனும் தூங்கவில்லை!
மேலே இருப்பவனும் தூங்கவில்லை!

நொண்டிக்கொண்டே போய்ப் போன் செய்தேன்.
சத்தம் என்றுதான் சொன்னேன். வேறெதுவும் சொல்லவில்லை.
வந்தவர்கள் கேசட்டைப் போட்டுக் கேட்டார்கள்.
அவர்களுக்குச் சத்தம் பொருட்டே இல்லை.
'மேலே இருப்பவன்' யார்?
இதையே நான்கு பேரிடமும்
தனித்தனி அறையில், மூன்று நாள்.

நான்தான், ஐயா.
தரைத்தளம், இடப்பக்கக் கதவு, வீங்கிய கட்டைவிரல்.
நிலையம் நடந்து போனால் பத்து நிமிடம்.
போகவில்லை.

வெத்ரானைப் பட்டாளத்துக்கு அனுப்பினார்கள்.
சாஞ்சின் சரக்குக் கப்பலில் ஏறியவன், ஏறியவன்தான்.
மிர்னா மால்மோவில் பல் கட்டுகிறாள் என்று கேள்வி.
துலியோ ஆலைக்கே வந்து சேர்ந்தான்,
என் பக்கத்து இயந்திரத்துக்கு.
பதினொரு வருடம் ஒரே மேசையில் சாப்பிட்டோம்.
உப்பு கேட்பான். கொடுப்பேன்.

ஆனால் கேசட்டுக்கு யாரோ முன்னமே நகல் எடுத்திருந்தார்கள்.
நகலுக்கு நகல், அதற்கும் நகல்.
லுப்லியானாவுக்கு ஒரு ராணுவ வீரனின் பையில்,
ஸ்கோப்யேவுக்கு மிளகாய் லாரியில்.
ஒவ்வொரு கைமாறலிலும் கிதார் கரைந்தது,
டின் கரைந்தது, குரல்கூட நூலாகியது.
குழாய் மட்டும் கரையவில்லை.
நாடு உடைந்து
நடுவில் சுங்கச்சாவடிகள் முளைத்த பிறகும்
இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்
பாட்டின் கடைசிக் கண்ணிக்கு முன்னால்
பையன்கள் அதையே அடித்தார்கள்:
இரண்டு, ஓர் இடைவெளி, ஒன்று.
ஏன் என்று யாருக்கும் தெரியாது.
அப்படித்தான் அடிக்க வேண்டும் என்று மட்டும் தெரியும்.

போன கோடையில் துறைமுக மேடையில் ஒரு குழு.
மூத்தவளுக்கு இருபது இருக்கலாம்.
நிஜமான இரும்புக் குழாயைச் சங்கிலியில் கட்டித்
தொங்கவிட்டிருந்தார்கள்.
பியர் டம்ளரோடு கடைசி வரிசையில் நின்றேன்.

டங். டங்.

முந்நூறு பேர் மூச்சைப் பிடித்தார்கள்,
என் ஸ்பேனர் விழுவதற்காக.

ஷூவுக்குள் கட்டைவிரல்
தானாக மடங்கிக்கொண்டது.